பூனாகலையிலிருந்து பதுளைக்கு: ஒரு ஸ்கேனும் மஞ்சள் முடிச்சும்

இது உல்லாசப் பயணம் அல்ல. எல்லப் பாலத்தின் படங்களைத் தேடி வந்தவர்கள் இப்போதே திரும்பிவிடலாம். போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் அண்ணி சரோஜாவை முதுகு எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்காகப் பூனாகலையிலிருந்து பதுளைக்கு அழைத்துப் போனேன். அண்ணிக்கு நாற்பத்தாறு வயது, தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். பல வருடமாகச் சீனி வியாதிக்கு இன்சுலின் போடுகிறார். இரண்டு மாதமாக இடது கால் மரத்துப்போய், வைத்த அடி தெரியாமல் மலையில் இரண்டு முறை விழுந்துவிட்டார். தாமதிக்க வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அண்ணனும் நானும் கொழும்பில் வேலை செய்கிறோம். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் லீவு எப்போதும் பெண்களுக்குத்தான் கிடைக்கும்.

முதல் பஸ் 5.40க்கு என்றார்கள், 5.55க்கு வந்தது. அண்ணி இருக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பண்டாரவளைக்குப் பதினெட்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு மணி பத்து நிமிடம் எடுக்கும். முதுகு வலிக்காரர்களை அழைத்துப் போகிறவர்கள் கடைசி மூன்று வரிசைகளை மறந்துவிடுங்கள். கொண்டக்டரே அண்ணியைப் பார்த்து, “பின்னுக்குப் போகாதீங்க அக்கா, இடுப்பு கழண்டிரும்” என்று முன்னால் உட்கார வைத்தார்.

ஸ்வெட்டரைச் சரிசெய்யும்போதுதான் அண்ணியின் வலது மேற்கையில் மஞ்சள் துணி கட்டியிருந்ததைக் கவனித்தேன். நடுவில் வட்டமாகப் புடைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. நோய்ப்பட்டவருக்காக நேர்ந்துகொண்டு, ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து கையில் கட்டுவார்கள். குணமானதும் கோயிலில் அவிழ்த்து உண்டியலில் போடுவார்கள். அதுவரை அவிழ்க்கக் கூடாது. மாரியம்மனுக்கா என்று கேட்டேன். “ம்” என்று சொல்லிவிட்டு அண்ணி போனைப் பார்த்தார். அன்றைக்குப் போனை அடிக்கடி பார்த்தார். கட்டாரில் இருக்கும் மகளின் செய்திக்காக என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பண்டாரவளையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு, 7.45க்குப் பதுளை பஸ் பிடித்தோம். இருபத்தொன்பது கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிடம், ஆளுக்கு நூற்று நாற்பது ரூபாய். ஹாலி எலயில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது. பதுளையில் இறங்கும்போது ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. பூனாகலைக் குளிரை நம்பி உடுத்தி வருகிறவர்கள் இங்கே வேர்த்து வழிவார்கள்.

ஸ்கேன் நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் நல்லவர்கள். நடந்த தவறில் எனக்கும் பங்கு இருக்கிறது. 10.30க்கு எண் கிடைத்தது. படிவத்தில் இதயத்துக்குள் கருவி உண்டா, எலும்பில் ஆணி உண்டா, நகை உண்டா என்று கேட்டிருந்தார்கள். நகைக்கு மட்டும் உண்டு, மற்றவற்றுக்கு இல்லை என்று நான்தான் எழுதினேன். தோலின்மேல் ஒட்டியிருப்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

உடை மாற்றும் அறையில் இருந்த உதவியாளர் பசறைப் பக்கத்துப் பெண், பெயர் ரஞ்சிதம். தாலியைக் கழற்றச் சொல்லி, அதற்குப் பதிலாகக் கட்டிக்கொள்ள மஞ்சள் கயிறும் தயாராக வைத்திருந்தார். மெட்டி, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாம் வாங்கிக்கொண்டார். பிறகு கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். உள்ளே இருப்பது காசு, காசு உலோகம், அதோடு காந்த இயந்திரத்துக்குள் போக முடியாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். அண்ணி அவிழ்க்க மறுத்தார். நேர்த்தி முடிச்சைக் கட்டாயப்படுத்தி அவிழ்க்க ரஞ்சிதத்துக்கும் மனம் வரவில்லை. முதுகுக்குத்தானே ஸ்கேன், கையில் கிடந்தால் பரவாயில்லையா என்று உள்ளே போய் இயந்திரம் இயக்குகிறவரிடம் கேட்டு வந்தார். முடியாது என்று பதில்.

அப்போது ரஞ்சிதம் ஒரு வழி சொன்னார். “எங்க பக்கம் இப்படி அவசரத்துக்கு வீட்டு ஆளு கையில மாத்திக் கட்டுவோங்க. சாமி ஏத்துக்கும். நீங்க கையக் குடுங்க, மிஸ்.” இப்படி மாற்றிக் கட்டி ஸ்கேனுக்கு அனுப்புவது அவருக்குப் பழகிய காரியம் போலிருந்தது. நானும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டினேன். ரஞ்சிதம் முடிச்சில் கை வைத்ததும் அண்ணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“மாத்த ஏலாதும்மா. அது சதையில குத்தியிருக்கு.”

துணிக்குள் காசு இல்லை. வெள்ளை வில்லை ஒன்று தோலோடு ஒட்டியிருந்தது. அதன் நுனி சதைக்குள் இறங்கி, இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் போன் அலறும். மகள் அனுப்பியது. மலையில் வெறுமனே ஒட்டிக்கொண்டு போன முதல் நாளே ஆளுக்கொரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். தொத்து நோயா என்றுகூட ஒருத்தி கேட்டாளாம். அதனால் மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். நேர்த்தி முடிச்சைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர் தோட்டத்தில் யாரும் இல்லை. என்னிடம் சொன்ன “ம்”மும் அந்தக் கணக்கில்தான்.

இயந்திரம் இயக்கும் தம்பி வெளியே வந்து பார்த்தார். இப்படி ஒன்றை நேரில் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். நிலையத்து டாக்டரை அழைத்தார், நான் கட்டாருக்கு அழைத்தேன். பெட்டியோடு வந்த தாளை மகள் படித்துப் பார்த்தாள். இந்த வகையை எம்.ஆர்.ஐ.க்கு முன் கழற்றியே ஆக வேண்டும். கழற்றினால் திரும்ப ஒட்ட முடியாது. இதன் ஆயுள் இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அடுத்த வில்லை வர ஒன்பது நாள் ஆகும். ஒன்பது நாள் கழித்து வாருங்கள் என்று டாக்டரும் சொல்லவில்லை, மரத்த காலைக் காட்டி, அவ்வளவு நாள் தள்ள முடியாது என்று தலையைத்தான் ஆட்டினார்.

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இத எடுத்துட்டா ராத்திரி என்னைய எழுப்ப யாரு இருக்கா? தனியா தானே கெடக்குறேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. தூக்கத்தில் அவருக்குச் சீனி இறங்குகிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் இருக்கிறேன் என்று சொன்னேன். அண்ணி என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் தானே நகத்தால் நெம்பி வில்லையை எடுத்தார். ரஞ்சிதம் விரலில் குத்திச் சீனி பார்த்து, சரியாக இருக்கிறது என்ற பிறகே உள்ளே அனுப்பினார். ஸ்கேன் முப்பத்தைந்து நிமிடம். வெளியே வந்தபோது ரஞ்சிதம், நகை என்ற வரிக்குக் கீழே பேனாவால் “ஒட்டியது, குத்தியது ஏதும் உண்டா? துணியை விலக்கிப் பார்க்கவும்” என்று எழுதிக்கொண்டிருந்தார்.

2.15 பஸ்ஸில் திரும்பினோம். முதுகில் ஒரு வட்டு நழுவி நரம்பை அழுத்துகிறது என்று முடிவு வந்தது. சிகிச்சை நடக்கிறது.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது ஸ்கேனுக்குப் போவதாக இருந்தால், பஸ் நேரத்தைக் கேட்பதற்கு முன் அவர்கள் உடம்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். சீனி பார்க்கும் வில்லை, இன்சுலின் பம்ப், நெஞ்சில் ஒட்டும் இதயக் கருவி எதுவானாலும் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். பெட்டியையும் தாளையும் கொண்டுபோங்கள். எம்.ஆர்.ஐ. மட்டுமல்ல, எக்ஸ்ரேக்கும் சி.டி.க்கும் சொல்ல வேண்டும். படிவம் கேட்கவில்லை என்று பேசாமல் இருக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கருவியைக் கழற்றினால் அதன் வேலையை யார் பார்ப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் புறப்படுங்கள். நான் லீவை நீட்டித்துக்கொண்டு ஒன்பது இரவும் லயத்தில் தங்கினேன். இரண்டு மணிக்கு எழுப்பி விரலில் குத்திப் பார்ப்பேன். முதல் ஐந்து இரவும் ஒன்றுமில்லை. தூக்கத்தைக் கெடுக்கிறேன் என்று அண்ணி என்னைத் திட்டினார். ஆறாம் இரவு தொட்டபோது உடம்பு முழுக்க வேர்த்திருந்தது. மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் கண் திறந்தார். என் பெயர் அவருக்கு வரவில்லை. சீனித் தண்ணீரை அவர் குடித்து முடிக்கும் வரை டம்ளரை நான்தான் பிடித்திருந்தேன்.