கை தூக்கச் சொன்னவன்

வீட்டில் மிக்ஸியைப் போடுவதற்கு முன் அண்ணன் "கை!" என்பான். சமையலறையில் இருப்பவர்கள் எல்லாரும் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சுவிட்சைத் தொட மாட்டான். காதில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு கையை மட்டும் தூக்கினாலும், "இன்னொண்ணு?" என்று கேட்டுக் காத்திருப்பான். எட்டு வயதில் தொடங்கிய பழக்கம், முப்பத்து நான்கிலும் விடவில்லை. "சட்னி அரைக்கிறதுக்குள்ள போலீஸ்ல சரணடைஞ்ச மாதிரி நிக்கணும்," என்று அம்மா சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவாள்.

தங்கை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான் அதற்கெல்லாம் ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருப்பதை அறிந்தாள். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியின் நடைக்கூடங்களை இருபது வருடம் துடைத்தவள் அம்மா. "பேரு வச்சுட்டல்ல? இனிமே அந்தப் பேரே அவனுக்குச் சோறு போடுமா?" என்று மட்டும் கேட்டாள்.

சோறு போட்டது அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். அம்மா யார் யார் காலிலோ விழாத குறையாக வாங்கிக் கொடுத்த வேலை. துவைத்த விரிப்புகளைச் சூடான இரட்டை உருளைக்குள் ஊட்டித் தேய்க்கும் இயந்திரம் ஒன்று அங்கே உண்டு. ஊட்டுவது இரண்டு பெண்கள், சுவிட்ச் அண்ணன் பொறுப்பு. அங்கேயும் "கை!"தான். பெண்கள் அவனுக்குக் கையண்ணன் என்று பெயர் வைத்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு வாயாடி என்று பட்டம். "கையண்ணன் சொன்னா கடவுளே கை தூக்கணும்," என்பாள் அவள். பதினோரு வருடம் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

பிறகு புது சூப்பர்வைசர் வந்தார். முதல் நாள் அண்ணன் அவருக்கு வணக்கம் வைத்தான். மறுநாள் வைக்கவில்லை. கேட்டதற்கு, "நேத்தே வச்சிட்டேனே," என்றான். முகத்தைப் பார்த்துப் பேசு என்றால் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கத்தல். "எனக்கே கை தூக்கச் சொல்றான். திமிரா, இல்ல மூளை கழண்டுடுச்சா?" என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்றார்.

வீட்டின் முதல் பட்டதாரி சும்மா இருப்பாளா? மூன்று அட்டைகள் எழுதினாள். முதல் அட்டை: தினமும் காலையில் வணக்கம், பார்வை மூக்கின்மேல். இரண்டாவது: கத்தக் கூடாது, கையை வாய் திறக்காமல் பார்த்தால் போதும். மூன்றாவது: யாராவது குரலை உயர்த்தினால், "மன்னிச்சுடுங்க. என் மேலதான் தப்பு. இனிமே இப்படி நடக்காது."

இரண்டு வாரம் ஒப்பிக்க வைத்தாள். தானே சூப்பர்வைசராக நின்று கத்திப் பார்த்தாள். அவன் ஒரு சொல் பிசகாமல் சொன்னபோது கை தட்டினாள்.

மூன்றாவது வாரம் வாயாடியின் வலது கை உருளைக்குள் போனது.

விசாரணை மேலாளர் அறையில் நடந்தது. வீட்டு ஆளாகத் தங்கை போய் உட்கார்ந்தாள்.

"சுவிட்ச் கிட்ட நின்னது யாரு?" என்றார் மேலாளர்.

"நான்."

"அப்ப அழுத்துனது யாருய்யா? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று சூப்பர்வைசர் மேசையைத் தட்டினார்.

அண்ணன் அவருடைய மூக்கைப் பார்த்தான். "மன்னிச்சுடுங்க. என் மேலதான் தப்பு. இனிமே இப்படி நடக்காது."

தங்கை அவனைத் திரும்பிப் பார்த்தாள். கையைப் பார்க்காமல் இவன் சுவிட்சைத் தொடுவானா? அவள் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் ஒரு தாளை நகர்த்தினார். தப்பை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போகட்டும், போலீஸ் வேண்டாம் என்றார். ஒரு லாக்கப் அறையையும் அதற்குள் அண்ணன் நிற்பதையும் அவள் நினைத்துப் பார்த்தாள். அந்தத் தாளை முழுக்கப் படிக்கத் தெரிந்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான். படித்தாள். "போடுண்ணா," என்றாள்.

பஸ்ஸில் அவன் தானாகவே சொன்னான். "துணி சிக்கிக்கிச்சு. மெஷின் நின்னுச்சு. அக்கா உள்ள கைய விட்டு இழுத்தாங்க. நான் கையப் பாத்துட்டே நின்னேன். சூப்பர்வைசர், என்ன வேடிக்கைன்னு கேட்டாரு. அவர் கை என் தோளுக்கு மேல வந்து சுவிட்ச அழுத்துச்சு."

"இத ஏன் அங்க சொல்லல?"

"சத்தம் போட்டாரே. சத்தம் போட்டா மூணாவது அட்டை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டாவது அட்டையை அவன் பேச்சிலேயே எடுக்கவில்லை. எடுக்கவும் வேண்டாம். முன்போல "கை!" என்று ஒரு கத்தல் கத்தியிருந்தால் வாயாடி அனிச்சையாகக் கையை இழுத்திருப்பாள்.

ஒரு மாதம் கழித்து வாயாடி வீட்டுக்கு வந்தாள். கட்டுக்குள் ஒரு விரல்தான் மிச்சம்.

"என்ன கையண்ணா, இனிமே நான் கை தூக்கினா உன் கணக்குல ஒண்ணரைதானே?" என்று சிரித்தாள். யாரும் சிரிக்காததால் அவளும் நிறுத்திக்கொண்டாள். "கூட வேலை பாத்தவன் தப்பு, நிர்வாகம் பொறுப்பில்லன்னு கைகழுவிட்டாங்க. நான் குனிஞ்சிருந்தேன், எதையும் பாக்கல. நீ அழுத்தியிருக்க மாட்டன்னு மட்டும் தெரியும். யாருன்னு ஒரு வார்த்தை யூனியன் ஆபீசுல வந்து சொல்லு. அவங்க வெள்ளிக்கிழமைதான் இருப்பாங்க."

அண்ணன் தங்கையைப் பார்த்தான். மூக்கை இல்லை, கண்ணை. இதற்கு எந்த அட்டை என்று கேட்பதுபோல இருந்தது.

கையெழுத்துப் போட்ட தாள் நிர்வாகத்திடம் இருக்கிறது. இப்போது மாற்றிச் சொன்னால் மறுபடி விசாரணை, மறுபடி கத்தல், ஒருவேளை போலீஸ். "யோசிச்சு சொல்றோம்க்கா," என்றாள் தங்கை.

"வந்து சொல்றேன்," என்றான் அண்ணன்.

"நீ சொன்னா சொன்னதுதான்," என்று வாயாடி எழுந்து போனாள்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறான்.

"இன்னிக்குப் போலாமா?"

"அடுத்த வாரம் பாக்கலாம்ணா."

அவன் சட்டையைக் கழற்றி, நான்காக மடித்து, அலமாரியில் வைக்கிறான். இது இருபத்தாறாவது வெள்ளி.