சங்கம் மலைக்குப் போன வருஷம்

சுடுகாட்டுப் பாதை கிடைத்த பிறகுதான் எங்களுக்கு ஓய்வே இல்லாமல் போனது.

சங்கராபுரத்துப் பக்கம் ஒரு காலனி. அங்கே யாராவது இறந்தால் நெல்வயல் வரப்பு மேல்தான் தூக்கிப் போக வேண்டும். நடவு முடிந்த சமயமாக இருந்தால் வயல்காரர் விடமாட்டார். மழைக்காலமாக இருந்தால் தூக்குகிறவர்களே சேற்றில் விழுவார்கள். பல வருஷம் மனு கொடுத்து, சாலையில் உட்கார்ந்து, கடைசியில் அதிகாரிகள் வந்து அளந்து ஒரு மண்பாதை போட்டுக் கொடுத்தார்கள். மாட்டுவண்டி போகிற அகலம் இருக்கும். எங்கள் சங்கம் ஜெயித்ததிலேயே பெரிய விஷயம் அதுதான்.

எங்கள் சங்கம் தலித் பெண்கள் சங்கம். நிலமில்லாமல் கூலிக்குப் போகிறவர்கள்தான் எல்லோரும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் எங்களுக்கு ஒரு வாடகை அறை. கோடையில் அங்கே உட்கார்ந்தால் யூரியா நாற்றத்தில் தலை வலிக்கும். முழு நேரமும் வேலை பார்த்தது அக்காவும் நானும் மட்டும். அக்கா என்று நான் சொல்வது சங்கத்தைத் தொடங்கியவரை. கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். கூட வேலை செய்த பெண்ணை மேஸ்திரி கைநீட்டி அடித்ததற்கு நியாயம் கேட்கப் போனவர், அதற்குப் பிறகு நியாயம் கேட்பதையே வேலையாக ஆக்கிக்கொண்டார். நான் டிகிரி முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தேன். மனு எழுதத் தெரியும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்.

பாதை கிடைத்த செய்தி காலனி காலனியாகப் பரவியது. போன் ஓயவில்லை. "எங்க ஊருக்கு எப்ப வர்றீங்க?" என்று திருக்கோவிலூர் பக்கமிருந்தெல்லாம் கேட்டார்கள். அக்கா ஒருவரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. கூலி வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பிய பிறகுதான் கூட்டம் போட முடியும். அதனால் நாங்கள் வீடு திரும்ப நடு ராத்திரிகூட ஆகும். மறுநாள் காலையில் எழும்போதே முதுகு, தான் இன்னும் தூங்கவில்லை என்று சொல்லும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அதுதான் எனக்குப் படுக்கை. சங்கம் வளர்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் கிளம்பாமலே உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கல்வராயன் மலையிலிருந்து ஒருத்தி எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். மலைவாழ் மக்களில் ஒருத்தி. வெள்ளிமலையைத் தாண்டி, ஜீப் நின்றுவிடுகிற இடத்திலிருந்து இன்னும் உள்ளே நடந்து போக வேண்டிய கிராமம். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்குப் போயிருந்தான். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"எங்க ஊருக்கு ரோடு இல்லீங்க. நோவு வந்தா தூளி கட்டித்தான் தூக்கிக்கினு வரோம். நீங்க பாதை வாங்கிக் குடுத்தீங்களாமே? எங்களுக்கும் சங்கம் வையுங்க."

அன்று அக்காவின் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே. எங்கள் பெண்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. வாரா வாரம் போடும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒருத்தி வெளிப்படையாகவே கேட்டாள்.

"மலைக்காரங்க நம்ம கையால தண்ணி வாங்கிக் குடிப்பாங்களா? அவங்களுக்கு நாம இன்னாத்துக்குப் போகணும்?"

"அவங்க குடிக்கறதுக்கா போறோம்?" என்றார் அக்கா. "நமக்குப் பாதை இல்லாம இருந்துச்சி. அவங்களுக்கும் இல்ல. அத்தப் பேசு."

அதோடு பேச்சு முடிந்தது. மலையிலிருந்து வந்தவள் சங்கத்தின் மூன்றாவது முழுநேர ஆள் ஆனாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். மலைக் கிராமங்களுக்கு நடந்தே போய்க் கூட்டம் போட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பஸ் பிடித்துக் கீழே வந்து, எந்த ஊரில் என்ன பேசினார்கள் என்று சொல்லிவிட்டுப் போவாள். மேலே அவளுக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லை. அவள் கேட்கவும் இல்லை. நாங்களும் எங்கள் ஓட்டத்தில் இருந்தோம்.

மழைக்கு முன்னால் மலைக்காரர்களும் காலனிக்காரர்களும் சேர்ந்து, மலைக்கு ரோடு கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காருவது என்று அக்கா முடிவு செய்தார். தேதியும் எல்லா ஊருக்கும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை தங்கச்சி வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. அவள் ஊரில் போனுக்கு டவர் கிடையாது. "போய்ப் பார்த்துட்டு வா" என்றார் அக்கா.

கச்சிராயபாளையம் வழியாக மலையேறுகிற பஸ்ஸில் போனேன். வெள்ளிமலையில் இறங்கி, ஜீப்பில் தொற்றிக்கொண்டு, பிறகு நடந்தேன். அவள் வீட்டை அடைந்தபோது மாமியார் வாசலில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வா என்று சொல்லவில்லை.

"உள்ள கெடக்குது" என்றார். "காய்ச்சலு. வேணாம்னா கேக்கல. காய்ச்சலோடவே ஊர் ஊரா மீட்டிங்குனு நடந்துச்சி. இப்ப எழுந்திருக்கவே முடியல."

தங்கச்சி பாயில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முதலில் சொன்னது, "அக்கா, ரெண்டு ஊரு பாக்கி இருக்குது."

நெற்றியில் கை வைத்தேன். சுட்டது.

ஊரில் இருந்தவர்கள் ஒரு கழியில் சேலையைக் கட்டித் தூளியாக்கி அவளைத் தூக்கினார்கள். நானும் மாமியாரும் பின்னால் நடந்தோம். இப்படித் தூக்கி வருவதைப் பற்றி நான் எத்தனையோ மனுவில் எழுதியிருக்கிறேன். தோள் மாற்றும்போது தூக்குகிறவர்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்வதில்லை என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. பேசினால் மூச்சு போதாது. கல்லில் கால் இடறும்போது தூளிக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும். அந்த முனகல் வந்தால்தான் மாமியார் அடுத்த அடி வைப்பார் போலிருந்தது. டவர் கிடைக்கிற இடத்துக்கு ஓர் ஆள் முன்னால் ஓடிப் போன் செய்திருந்ததால், ஜீப் நிற்கும் இடத்துக்கு ஆம்புலன்ஸ் வந்திருந்தது.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்றார்கள். எத்தனை நாள் என்று கேட்காமல் படுத்திருக்க வேண்டும், கூட ஓர் ஆள் இருக்க வேண்டும் என்றார் நர்ஸ். மாமியார் அதற்கு முன் கள்ளக்குறிச்சிக்கு வந்ததே இல்லை. எங்கே வெந்நீர் வாங்குவது, எந்த வாசலில் மருந்து தருவார்கள் என்று எதுவும் தெரியாமல் கட்டிலின் கால்மாட்டில், தன் துணி மூட்டையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் இருந்தாக வேண்டும். ஆனால் மறுநாள் எனக்கு இரண்டு காலனியில் கூட்டம் இருந்தது.

காலையில் வார்டு வாசலில் எங்கள் சின்னம்மா நின்றார். சுடுகாட்டுப் பாதைக்காகச் சாலையில் உட்கார்ந்தபோது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் சின்னம்மாதான். கையில் ஒரு தூக்குவாளி.

"உன்ன யாரு வரச் சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும்? இன்னைக்கு நான் களை எடுக்கப் போகல. நீ போய் வூட்ல படு. மூஞ்சப் பாரு, அந்தப் பொண்ணு எழுந்து உன்னப் படுக்க வெக்கணும் போல கீது."

வாளியில் அரிசிக் கஞ்சி. தங்கச்சிக்கு ஊட்டிவிட்டார். மிச்சத்தை ஒரு தம்ளரில் ஊற்றி மாமியாரிடம் நீட்டினார். மாமியார் கையை நீட்டவில்லை. தம்ளரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"நான் கடையில டீ குடிச்சிட்டன்" என்றார்.

அவர் வார்டை விட்டு வெளியே போகவே இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குக் காது சூடானது. வாயைத் திறக்கப் போனேன். சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துவிட்டார்.

"இன்னாடி சொல்லப் போற? நான் இத்தப் பார்க்காததா? எத்தினி வயல் வரப்புல பார்த்திருக்கன். பொண்ணு குடிச்சுதில்ல? அது போதும். நோவுக்காரி தலமாட்டுல நின்னுக்கினு நியாயம் பேசாத."

அவர் குரலில் கோபமில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபப்பட்டுப் பட்டு ஓய்ந்துபோன குரல் அது. அன்று நான் கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை தூங்கினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு காலனியிலிருந்து யாராவது வந்தார்கள். வேலைக்குப் போகாமல் வந்தவர்களும் உண்டு, வேலை முடிந்து ஓடி வந்தவர்களும் உண்டு. மலைக்காரங்களுக்கு நாம் எதற்கு என்று கேட்டாளே, அவளும் ஒரு நாள் வந்து தங்கச்சியின் சிக்குப் பிடித்த தலைமுடியை உட்கார்ந்து பிரித்துவிட்டாள். மாமியார் ஒருவர் கையாலும் எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை. கடையிலிருந்து பன்னும் டீயும் வாங்கி வந்து கொடுத்தோம். ஆனால் காலியாகும் தூக்குவாளிகளை அவரே எடுத்துப் போய்க் குழாயில் கழுவி, யாருடையது எது என்று மறக்காமல் திருப்பிக் கொடுத்தார். அது எங்களுக்கு முழுதாக ஆறுதலாகவும் இல்லை, முழுதாக அவமானமாகவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டோம்.

இதற்கு நடுவில் அக்காவுக்கும் எனக்கும் சண்டை வந்தது.

"தேதிய மாத்த முடியாது" என்றார் அக்கா. "இப்ப வுட்டா ஜனம் நம்மள நம்பாது. மலைக்கு நீ போ. பாக்கி ஊரு ரெண்டையும் நீ முடி."

"என்னால முடியாதுக்கா."

"நம்மால முடியாதுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? சங்கம் இப்பத்தான் தல எடுக்குது."

"தல எடுக்கறதெல்லாம் சரி. அத்தத் தூக்கிக்கினு நடக்கற கால யாரு பாக்கறது? அவ காய்ச்சலோட நடந்தா. நமக்குத் தெரியவே இல்ல. அடுத்தது நானு. அப்புறம் நீ." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கீழே உரக்கடையில் யாரோ மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு முழங்கால் வீங்கியிருப்பதை அன்றுதான் கவனித்தேன். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "அது கெடக்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை அவரே கூட்டத்தில் விஷயத்தை எடுத்தார். பெண்கள் வெகுநேரம் பேசினார்கள். போராட்டத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் பலர் சொன்னார்கள். கடைசியில் சின்னம்மா சொன்னதுதான் நின்றது. "மழ வுட்டப்புறம் உக்காரலாம். படுத்துக்கினவள வுட்டுட்டுப் போய் உக்கார எனக்கு மனசு வரல."

தள்ளிப்போட்டதற்கு விலை இருந்தது. புதிதாகச் சேர்ந்த காலனிகளில் சில விலகிப்போயின. "வர்றோம்னாங்க, வரல" என்று பஸ்ஸில் என் காதில் விழும்படியே சொன்னார்கள். இனிப் புது ஊர் கேட்டால் அடுத்த வருஷம் என்று சொல்வது என முடிவானது. அக்கா அதைச் சொல்லக் கற்றுக்கொள்ளச் சிரமப்பட்டார். ஒருவரும் தனியாக மலையேறக் கூடாது, சங்கத்து ஆள் யார் படுத்தாலும் காலனிகள் முறை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அன்று பேசியதுதான். அக்காவை முழங்காலுக்கு டாக்டரிடம் இழுத்துப் போனது நானும் தங்கச்சியும். தங்கச்சி அதற்குள் எழுந்துவிட்டாள். மொட்டைத்தலை ஆகாமல் முடி பாதி உதிர்ந்ததோடு தப்பித்தாள்.

மழை விட்ட பிறகு உட்கார்ந்தோம். நினைத்ததைவிடக் கூட்டம் கம்மி. ஆனாலும் சர்வே செய்ய ஆள் வந்தார்கள். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து பாதித் தூரத்துக்கு ஜல்லி கொட்டினார்கள். மீதிப் பாதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்றார்கள். இன்றுவரை அது வேண்டியிருக்கிறது.

வருஷம் முடிகிற சமயம் தங்கச்சி எங்களை ஊருக்குக் கூப்பிட்டாள். ஒரு வேன் பிடித்துப் போனோம். ஜல்லி முடிகிற இடத்தில் இறங்கி, அக்கா குச்சி ஊன்றிக்கொண்டு நடந்தார். மாமியார் அடுப்பில் சாமைச் சோறும் அவரைக்குழம்பும் கொதித்துக்கொண்டிருந்தன. வாசலில் எங்களை வரிசையாக உட்காரவைத்து அவரே பரிமாறினார். சின்னம்மாவுக்கு இரண்டாம் முறை சோறு வைக்கும்போது, "இன்னம் கொஞ்சம் துன்னுங்க, எறங்கறப்ப பசிக்கும்" என்றார்.

அவர் எங்களோடு உட்காரவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு உள்ளே போய்த் தனியாகச் சாப்பிட்டார். வீட்டுக்காரி கடைசியில்தானே சாப்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் காரணமா, வேறு ஏதாவதா என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. சின்னம்மா இலையை எடுத்துப் போட்டுவிட்டு, வேலியோரம் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து முந்தானையை விரித்துப் படுத்துவிட்டார். அக்கா காலை நீட்டி அவர் பக்கத்தில் சாய்ந்தார். தங்கச்சி அடுத்த மாதக் கூட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நேரம் சும்மா இரு" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே. வேன்காரன் கீழேயிருந்து ஹார்ன் அடிக்கும்வரை நாங்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.