பன்னிரண்டாவது படம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிழை இருக்கும், நடுவில் மறந்தும் போவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் வாயே திறக்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

பத்து நாளாக என் மகள் மூணாறு போகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். சேலம் அஸ்தம்பட்டியில் அவள் வீட்டில் எந்நேரமும் இந்தப் பேச்சுத்தான். அங்கே மலைமேல் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறதாம். வரையாடுகள் குட்டி போடும் காலத்தில் அதை அடைத்துவிட்டு, பங்குனி கழிகிற சமயத்தில் திறப்பார்களாம். திறந்ததும் குட்டிகளைப் போட்டோ பிடிக்க ஊர் உலகமே வந்து நிற்குமாம். ஞாயிறு வேண்டாம், செவ்வாய் போகலாம், பூங்காவுக்குள் போகிற முதல் வண்டியில் ஏறிவிட்டால் கூட்டம் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று போனிலேயே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"நீங்களும் வரோணும்மா. ஆட்டுக்குட்டிகிட்ட உங்களை நிக்க வெச்சு ஒண்ணு எடுக்கோணும்" என்றாள்.

"எனக்கெதுக்குச் சாமி" என்று வாய் சொன்னது. மனசு அதற்குள் ஏற்காட்டு மலை ஏறிவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயசு. எங்கள் ஊர் எடப்பாடிப் பக்கம். அம்மாவின் தம்பி, என் மாமா, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பங்குனியில் முதல் மழை விழுந்த மறுநாளே இறங்கி வந்தார். மழை பெய்த ஒன்பதாம் நாள் காப்பிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மூன்று நாளில் கொட்டிவிடும், அதற்குள் எல்லோரையும் கூட்டிப் போய்ப் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய பெட்டிக் கேமரா அவர் பையில் இருந்தது. அதற்குள் பன்னிரண்டு படத்துக்குப் பிலிம் இருப்பதாக வீட்டில் எல்லோரிடமும் சொன்னார்.

மலைக்கு வர அம்மா சரி என்றாள். போட்டோவுக்கு மட்டும் மாட்டேன் என்றாள். எனக்கு முன்னால் பிறந்த அண்ணனைத் திருச்செங்கோட்டுத் தேருக்குத் தூக்கிப் போனபோது போட்டோ எடுத்தார்களாம். ஒரு மாசத்துக்குள் காய்ச்சலில் போய்விட்டான். போட்டோ ஆயுசைக் குறைக்கும் என்று அப்பாவின் அக்கா, என் அத்தை, அன்றைக்குச் சொன்னது அம்மாவின் நெஞ்சில் ஆணி மாதிரி நின்றுவிட்டது. அதனால் நானும் நிற்கக் கூடாது. எனக்கோ பள்ளிக்கூடத்தில் எல்லோரையும்போல் என் முகத்தை ஒரு காகிதத்தில் பார்த்துவிட ஆசை.

மாமா என்னை மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் கூப்பிட்டுக் குனிந்தார். "கடைசிப் படம் உனக்குத்தான் அம்மிணி. ஊட்டுல மூச்சு உடாதே" என்றார். அந்த ஒன்பதாம் நாள் வரைக்கும் நான் மூச்சு விடவில்லை.

மாமா எண்ணிய ஒன்பதாம் நாளைச் சேலமே கூட எண்ணி வைத்திருந்ததோ என்னவோ, அது ஞாயிற்றுக்கிழமையாகவும் போயிற்று. முதல் பஸ்ஸிலேயே நிற்க இடமில்லை. ஏரிக்கரையில் தலை, பாறைமேல் தலை, காப்பித் தோட்டத்து வேலி ஓரமெல்லாம் தலை. மாமா கேமராவை வயிற்றோடு அணைத்து "கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் நகருங்க" என்று கெஞ்சிக்கொண்டே நடந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போட்டோவே ஆகாது என்று சொன்ன அத்தைதான் எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நின்றது.

"ஏனுங்க, ஆயுசு குறைஞ்சிராதுங்களா?" என்றார் மாமா.

"எனக்கு வயசாச்சு. இனிக் குறையறதுக்கு என்ன கெடக்குது? எடு சாமி."

அத்தைக்கு அப்போது நாற்பது வயசுகூட இருக்காது. ஏரிக்கு முன்னால் ஒன்று, பாறைக்கு முன்னால் ஒன்று, நின்றிருந்த பஸ்ஸுக்கு முன்னாலும் ஒன்று. ஒவ்வொரு 'டிக்'குக்கும் நான் ஒரு விரலை மடக்கினேன். பதினொன்று ஆனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நாங்கள் காப்பிச் செடிகளின் ஓரம் வந்திருந்தோம். ஆசை தாங்காமல் நான் அழுதுவிட்டேன்.

"பிலிம் தீந்து போச்சுக்கா. இது வெறும் பொட்டி" என்றார் மாமா. "அம்மிணி அழுவாம இருக்கட்டும், ஒருக்கா சும்மா அமுக்கறேன்."

"இல்லீங் மாமா, பதினொண்ணுதான்..." என்று தொடங்கிய என் வாயில் ஒரு பொரி உருண்டை விழுந்தது.

"நெசமாத்தானா தம்பி?" என்று அம்மா கேட்டாள்.

"சத்தியமாக்கா."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, யாரும் கூப்பிடாமலேயே வந்து என் பக்கத்தில் நின்றாள். மாமா பெட்டியை அமுக்கப் போகிற நேரத்தில் அரை அடி முன்னால் நகர்ந்தாள். டிக்.

மூன்று வாரம் கழித்துப் படங்கள் வந்தன. அத்தை நின்ற படங்களில் அத்தையைவிட அடுத்தவர் தலைகளே அதிகம். கடைசியில் எங்கள் படம். "ஏமாத்திப்புட்டானே பாவி!" என்று அத்தை கத்தியது. அம்மா மாமாவைத் திட்டவே இல்லை. நான்தான் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மாவின் சேலை என் புதுப் பாவாடையில் பாதியை மறைத்திருந்தது. எனக்கென்று வந்த ஒரே படத்தையும் அம்மா கெடுத்துவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மலையிலிருந்து இறங்கிய மறுநாளிலிருந்தே, விடிந்ததும் அம்மா என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாசம் கழிந்த பிறகுதான் நிறுத்தினாள். கொஞ்சுகிறாள் என்று நினைத்துச் சுகமாகப் படுத்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கும் ஆகவில்லை, எண்பது தாண்டித்தான் போனாள். என் கல்யாணத்தில் அவளாகவே வந்து போட்டோவுக்கு நின்றாள். மாமாவின் அந்த ஒரு பொய்க்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஆனால் இந்த வாரம் வேறொன்றும் தோன்றுகிறது. எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை. மரவள்ளிக் குச்சி நடும்போது ஒன்று, இரண்டு என்று சத்தமாகச் சொல்லி அம்மாதான் கற்றுக்கொடுத்தாள். காட்டில் ஒரு குச்சி குறைந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குப் பதினொரு 'டிக்'கும் அவள் காதிலும்தான் விழுந்தன.

மூணாறுக்கு வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு விவரம் மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராவில் பன்னிரண்டு படம்தானா, இல்லை என் ஞாபகம்தான் தவறா? தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. பன்னிரண்டுதான் என்றால், எல்லாம் தெரிந்துதான் அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறாள்.