மீன்கொத்திக்காக வளைந்த வடிகால்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஏப்ரல் மாதம். கூலாய் ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிக் காட்டோரமாக இருக்கும் ஒரு பௌத்த மடத்தில் எனக்கு ஒரு நாள் வேலை. நான் மண் தோண்டும் மிஷின் ஓட்டுபவன். சாயங்கால மழை பிடித்தால் குன்றிலிருந்து இறங்கும் தண்ணீர் பிக்குகளின் குடில்களுக்குள் புகுந்துவிடுமாம். அதைத் திருப்பிவிட வடிகால் வெட்ட வேண்டும். மறுநாள் மிஷின் அடுத்த வேலைக்குப் பெக்கான் நானாஸ் ஊரில் நிற்க வேண்டும் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். போனதுமே அது கிளம்பிவிட்டது. எங்கே வெட்டுவது என்று தலைமைப் பிக்குவிடம் மலாய் மொழியில் கேட்டால், இந்தப் பக்கம் தண்ணீர் போனால் நன்றாக இருக்கும் என்கிறார். எவ்வளவு ஆழம் என்றால் சிரிக்கிறார். அங்கே சமையல் செய்யும் தமிழ் அக்காதான் என்னைத் தனியே கூப்பிட்டு விளக்கினார்.

"அவங்க மண்ணத் தோண்டக் கூடாது தம்பி. அடுத்தவங்கள தோண்டச் சொல்லவும் கூடாது. மண்ணுக்குள்ள உயிரு இருக்குல்ல? அதான் அவங்க சட்டம். என்ன வேணும்னு சொல்லுவாங்க, நீங்கதான் புரிஞ்சிக்கணும்."

"நல்லாருக்கே கத! பாவமெல்லாம் என் தலையிலயா?" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

மத்தியானம் தாண்டியபோது இருபதடிதான் பாக்கி. மேட்டை ஒட்டி மிஷினைத் திருப்பினேன். நீலமாக ஏதோ ஒன்று கண்ணாடிக்கு முன்னால் பறந்தது. மீன்கொத்தி. அலகில் ஒரு பல்லி. நான் அடுத்து வெட்ட வேண்டிய அதே மண் சுவரில் ஒரு பொந்து இருந்தது. பறவை நேராக அதற்குள் நுழைந்துவிட்டது. மிஷினை அணைத்துவிட்டு இறங்கிப்போய்க் காது கொடுத்துக் கேட்டால், உள்ளே குஞ்சுகள் கத்துகின்றன.

பிக்குகள் எல்லோரும் தியான மண்டபத்தில் இருந்தார்கள். ஒரே இழுப்பு இழுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் எனக்குத் தெரியுமே! சுற்றி வளைத்து வெட்டினாலும் மிஷின் அதிர்விலேயே அந்த மண் சரிந்து பொந்து மூடிவிடும். அப்படியே விட்டுவிட்டுப் போனாலோ, குடில்கள் மூழ்கும். முதலாளிக்குப் போன் செய்தேன்.

"ஒரு குருவிக்காக மிஷின நிறுத்திட்டியா? அலமாக்! மூள கலங்கிப் போச்சா ஒனக்கு?"

"மிஷின இப்பவே ஏத்திக்கிட்டுப் போங்க பாஸ். மிச்சத்த நான் கையால வெட்டிக்கிறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, மண்வெட்டி பிடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. லாரி வந்து மிஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பொந்திலிருந்து தள்ளி, வளைவாக வெட்ட ஆரம்பித்தேன். முதல் ஐந்தடியிலேயே கையெல்லாம் கொப்புளம், இடுப்பு விட்டுப்போனது. தியானம் முடிந்து வந்த பிக்குகளுக்குப் பொந்தைக் காட்டினேன். தலைமைப் பிக்கு கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு காவியை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் வெட்டிப்போட்ட மண்ணை வாளியில் சுமக்கத் தொடங்கினார். மற்ற நான்கு பேரும் சேர்ந்துகொண்டார்கள். வெட்டத்தான் கூடாதாம், சுமக்கலாமாம். அக்காதான் சொன்னார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது கடைசி மண்ணை எடுத்தேன். கால் மணி நேரத்தில் கொட்டியது பாருங்கள் மழை! செம்மண் தண்ணீர் வடிகாலில் சீறிக்கொண்டு வந்து, பொந்துக்கு முன்னால் வளைந்து, காட்டுப் பக்கம் ஓடியது. குடில்களுக்குள் ஒரு சொட்டு இல்லை. நனைந்துகொண்டே கை தட்டிக் கத்தினேன். அமைதி காக்கும் இடம் என்பதெல்லாம் மறந்தே போனது. பிக்குகளும் சிரித்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தார். "தம்பி, குஞ்செல்லாம் பறந்துருச்சு!"

எத்தனையோ ரோட்டுக்கும் வீட்டுக்கும் மண் வெட்டியிருக்கிறேன். அவற்றைப் பற்றிப் பெருமையாகப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல், அன்று மிஷினை அணைத்தது நான்தான் என்று நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வருகிறது.