கடலு கீது சார்

என் வீட்டு மூலையில் ஒரு துடுப்பு சாய்ந்து நிற்கிறது. ஆள் உயரம் இருக்கும். கை பிடிக்கிற இடம் மட்டும் கறுத்து வழவழவென்று இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெளுத்து, நீளவாக்கில் வெடித்துப் போயிற்று. பேரப்பிள்ளைகள் அதை எடுத்துப் போய் முருங்கைக்காய் தட்டுகிறார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. அது என்னுடையது அல்ல. என் அக்கா புருஷனுடையது. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார். எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கோர்வையாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் குப்பம் கடப்பாக்கத்துக்கு வடக்கே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கால்வாய். கால்வாய்க்கு அந்தண்டை உப்பளம். என் அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது எனக்கு நாலு வயது. அவருடைய கட்டுமரத்தை விற்றுத் தின்றோம். அதனால் நான் அலை தாண்டியதே இல்லை. மீசை முளைக்கும் முன்னே உப்புக்குப் போய்விட்டேன். மாமா அப்படி இல்லை, நல்ல கடல்காரர். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் மீன் சரியாகப் படவில்லை. உப்பளத்தில் வாரம் தவறாமல் கூலி வருகிறது என்று நான்தான் போய்ச் சொன்னேன். வந்தார். கட்டுமரத்தில் அவர் இருந்த இடத்தில் அவருடைய சித்தப்பா மகன் ஏறிக்கொண்டார். ஒரு மரத்தில் மூன்று பேர்தான் போக முடியும். விட்டுக்கொடுத்த இடத்தைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. மாமாவும் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் துடுப்பை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தரம் புன்னை எண்ணெய் வாங்கிவந்து, வாசலில் குந்தி, துணியால் தேய்த்துத் தேய்த்து அதற்குப் பூசுவார்.

"என் தலைக்கு வைக்க எண்ணெ இல்ல. கட்டைக்கு எண்ணெ கேக்குதா?" என்று அக்கா கத்துவாள்.

"கட்டை காஞ்சா வெடிச்சிடும்டி. நீ காஞ்சா கத்துவ, அவ்ளோதான?" என்பார். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் உப்பு தேங்கிப் போயிற்று. வாரிய உப்பைக் கால்வாய்க் கரையில் குவித்துப் பனையோலை போட்டு மூடுவோம். படகு வந்து ஏற்றிப் போகும். அந்த வருஷம் படகு வரவில்லை. அடுத்த வருஷத்து உப்பை அதற்குப் பக்கத்தில் குவித்தோம். பழைய குவியல் ஓலையோடு சேர்ந்து கருத்து, மழையில் கரைந்து பாதியாயிற்று. எங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று முதலில் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது. பட்டணத்தில் மில்லில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள். ரேஷனை எடுத்ததும் ரேஷன் ஆபீஸ்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படித்தவன் படிக்காதவன் எல்லாரும் ஒரே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்ற காலம் அது.

ஒருநாள் செங்கல்பட்டு ஆபீசிலிருந்து வயதான குமாஸ்தா ஒருவர் வந்தார். கொட்டகையில் உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து, பெரிய காகிதத்தை மடியில் விரித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பேர், ஊர், எத்தனை வருஷ வேலை. கடைசியில் ஒரு கேள்வி. வேறு தொழில் உண்டா? எதற்குக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று ஆபீசில் உத்தரவு இருந்திருக்கும். எங்கள் குப்பத்திலிருந்து நாங்கள் இரண்டு பேர். பக்கத்துக் குப்பத்து ஆட்கள் ஐந்தாறு பேர் பின்னால் நின்றார்கள். அவர்கள் மரத்தில் இடம் உள்ளவர்கள், வெயில் காலத்துக்கு மட்டும் உப்புக்கு வருகிறவர்கள். மாமா எனக்கு முன்னால் நின்றார்.

"உனக்கு வேற தொழில் ஏதாவது இருக்கா?"

"கடலு கீது சார்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். அடுத்து நான். "நீயும் அதே குப்பமா? உனக்கும் கடலா?" என்றார். "இல்ல சார்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

மாமா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரால் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. எங்கள் கரையில் பெரிய தப்பு செய்தவனைப் பஞ்சாயத்தார் ஊர் நடுவில் நிற்கவைத்து, உனக்குக் கடல் இல்லை என்பார்கள். அதற்குப் பிறகு அவன் மரத்தில் யாரும் ஏற மாட்டார்கள். அவன் வலையை யாரும் தொட மாட்டார்கள். கடல் இல்லை என்பது எங்களுக்குத் தண்டனைச் சொல். என் விஷயம் வேறு. நான் அலையே தாண்டாமல் உப்புக்கு வந்தவன், என்னை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அவருக்கும் இல்லை சார் என்று அன்றைக்கு நான் சொல்லியிருக்கலாம். பின்னால் அத்தனை கடல்காரர்கள் நிற்கும்போது அக்கா புருஷனைப் பற்றி அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் கொட்டகைத் தூணில் பட்டியல் ஒட்டினார்கள். பாதிப் பேருக்கு வேலை இல்லை. வேறு பிழைப்பு இல்லாதவர்களை வைத்துக்கொண்டு, இருக்கிறவர்களை அனுப்பியிருந்தார்கள். நியாயம் பார்த்துத்தான் செய்திருந்தார்கள். பட்டியலை நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாமா பேர் போகிறவர்கள் பக்கத்தில் இருந்தது. என் பேர் இருக்கிறவர்கள் பக்கத்தில் இருந்தது. "செரி மச்சான்" என்றார். தலைத்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்துபோனார்.

மறுநாள் விடியற்காலையில் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கரைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மரங்களைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "இன்னா அண்ணாத்த, உப்பு கசந்துடுச்சா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சித்தப்பா மகன் மரத்தில் ஒரு காலும் தண்ணீரில் ஒரு காலுமாக நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மூன்று பிள்ளைகள். "இன்னாண்ணே இம்மாம் காலைல? பெரிய வலை இஸ்துகினு கீறாங்க, அங்க வாயேன். பங்கு நான் சொல்றேன்" என்றார். மாமா சரி என்றார். மரம் அலை தாண்டிப் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துடுப்பை மணலில் நட்டுவிட்டுப் பெரிய வலைக் கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனார். வயதானவர்களும் வந்தேறிகளும் கரையில் நின்று இழுக்கிற வலை அது. இழுத்தால் ஆளுக்குக் கொஞ்சம் மீன் கொடுப்பார்கள்.

மூன்று வருஷம் அந்தக் கயிறு. வலை போடாத நாளில் அதுவும் இல்லை. அக்கா கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் சந்தை வரைக்கும் நடந்தாள். நான் கூலி வாங்கினதும் அரிசி கொண்டுபோய்க் கொடுப்பேன். நான் வருவது தெரிந்தால் மாமா பின்பக்கமாக எழுந்து போய்விடுவார். என்மேல் கோபம் இல்லை. ஒருநாள் வழியில் பார்த்தபோது, "உன் வேலை கெட்டியா கீதா?" என்று கேட்டார். "கீது மாமா" என்றேன். "அது போதும்" என்றார். அந்த மூன்று வருஷமும் துடுப்புக்கு மட்டும் எண்ணெய் தவறவில்லை. எங்கிருந்து வாங்கினார் என்று தெரியாது. அக்கா கத்துவதையும் நிறுத்திவிட்டாள்.

பிறகு காலம் திரும்பியது. டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் திட்டம் என்றார்கள், அணை என்றார்கள், தொழிற்சாலை என்றார்கள். எங்கேயோ உப்பு கேட்கிற ஃபாக்டரிகள் வந்துவிட்டனவாம். கால்வாயில் படகு வந்தது. கரைந்தது போக மிச்சம் இருந்த பழைய குவியலையும் சுரண்டி ஏற்றினார்கள். உப்பளத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்றும், பழைய ஆட்களுக்குத்தான் முதல் இடம் என்றும் சொன்னார்கள். நான் அன்றைக்கே அக்கா வீட்டுக்கு ஓடினேன். மாமா எழுந்து போவதற்குள் வாசலை மறித்து நின்றேன்.

"மாமா, அதே கேள்வியத்தான் கேப்பாங்க. இந்தத் தபா இல்லன்னு சொல்லு."

அக்கா உள்ளிருந்து வந்தாள். "சொல்லுய்யா. ஒரு வார்த்த. வாயில இன்னா முள்ளா கீது?" என்றாள்.

இந்த முறை வந்த குமாஸ்தா இளவயதுக்காரர். அதே கொட்டகை, அதே மூட்டை. பழைய காகிதமும் அவரிடம் இருந்தது. இதற்குள் ஊருக்கே விவரம் தெரிந்துவிட்டிருந்தது. வந்தவன் எல்லாம் வேறு தொழில் இல்லை என்றான். மரம் வைத்திருக்கிறவனும் இல்லை என்றான், காணி வைத்திருக்கிறவனும் இல்லை என்றான். குமாஸ்தா ஒவ்வொருவருக்கும் பழைய காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். நான் வேலையில் இருந்தவன், வரப்போரம் நின்றேன். மாமா முறை வந்தது. கழுத்தில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"வேற தொழில்?"

மாமா கடல் இருக்கிற பக்கம் பார்க்கவில்லை. கீழே பார்த்தார். "இல்ல சார்" என்றார். பக்கத்தில் இருந்தவனுக்கே சரியாகக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. மூன்று வருஷம் அரிசி தூக்கிப் போனபோது வராதது அப்போது எனக்கு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

குமாஸ்தா காகிதத்தைத் திருப்பினார். "முன்னாடி கடல்னு சொல்லியிருக்கியேப்பா. இப்ப இல்லங்கற. எதைப்பா நம்பறது?"

நான் முன்னே போனேன். "நெஜமா இல்ல சார். அவரு எடத்துல வேற ஆளு போறாரு. எனக்குத் தெரியும்."

"நீ யாரு?"

"இவரு எங்க அக்கா வூட்டுக்காரரு சார்."

வரிசையில் சிரித்தார்கள். குமாஸ்தா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நானும் ரேஷன் ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு அனுப்பினவன்தாம்பா. ரெண்டு வருஷம் அலைஞ்சு இந்த வேலை கிடைச்சிருக்கு. இன்னைக்கு எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க. பழைய காகிதத்தைப் பார்த்து எடுன்னு உத்தரவு. அதை நான் மாத்தினா அடுத்து என்னை அனுப்புவாங்க." அவர் கையில் பேனா இருந்தது. அந்தப் பேனாவால் அவருக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"வுடு மச்சான்" என்றார் மாமா. "கேட்டாரு, சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலமே சித்தப்பா மகன் என் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. "இன்னா மச்சான், கடலு இல்லன்னு அண்ணன் அவரு வாயாலயே சொன்னாராமே? நாங்கல்லாம் செத்தா பூட்டோம்? கயிறு குடுக்கலயா? பங்கு குடுக்கலயா?" என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அது உப்பளத்துக் காகிதத்துக்காகச் சொன்னது என்றேன். "காகிதத்துல எய்துனா கரைல இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்டார். கேட்டவர்தான், அதற்குப் பிறகு பெரிய வலைக்கு மாமாவைக் கூப்பிடவில்லை. வேறு யாரும் கூப்பிடவில்லை. யாரும் தள்ளிவைக்கவில்லை, பஞ்சாயத்தும் கூடவில்லை. அவரே சொல்லிக்கொண்டார் என்று விட்டுவிட்டார்கள். மாமாவும் கரைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

நாட்டில் வேலை திரும்பிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். பொய்யில்லை, எனக்குத் திரும்பியது. கூலியை ஏற்றினார்கள். தலை நரைக்கும் வரை அங்கேயே உப்பு வாரினேன். மாமா கூடுவாஞ்சேரிப் பக்கம் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கப் போனார். அங்கே யாரும் வேறு தொழில் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை வருவார். கல் சில்லு தெறித்து ஒரு கண் போயிற்று. ஆறாம் வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சலோடு வந்து படுத்தார். எழுந்திருக்கவில்லை. அந்த ஆறு வருஷமும் துடுப்புக்கு அவர் எண்ணெய் போடவில்லை. அதை முதலில் கவனித்தவள் அக்காதான். கருமாதி முடிந்த அன்று அதை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே வெச்சிக்க" என்றாள்.

போன மாதம் முதியோர் பணத்துக்கு எழுத தாலுகா ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர், வயது கேட்டாள். "தாத்தா, வேற வருமானம் இருக்கா?" என்றாள். கேட்டுக்கொண்டே மூலையைப் பார்த்தாள். "துடுப்பு இருக்கே. கடலுக்குப் போவீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

எழுதிக்கொண்டாள். ஒரு தரம் சொன்னதும் நம்பிவிட்டாள்.

அவள் போனபிறகு கடையில் புன்னை எண்ணெய் கேட்டேன். இல்லை என்றார்கள். கிடைத்த எண்ணெயை வாங்கிவந்து, துடுப்பை மடியில் போட்டுத் துணியால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மரம் குடித்தது. புட்டி காலியாயிற்று. மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தேன். பழையபடி காய்ந்துதான் இருந்தது.