பலகையை யோசித்துத்தான் எறிந்தாள்

அம்பாசமுத்திரத்தில் ஒரு நெல் ஆலையின் களத்தில் ஆறுமுகத்தாய் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்த்தாள். அவித்த நெல்லை வெயிலில் பரப்பித் தள்ளிவிடும் வேலை. ஊரில் அவளுக்குப் பெயர் 'வெறிச்சி'. சாவு வீட்டில் சிரித்துவிடுவாள். மனதில் பட்டது மறுகணம் வாயில் வந்துவிடும். குழம்பில் உப்பில்லை என்று தங்கை சுடலைவடிவு சொன்னதற்கு ஒருநாள் கொதிக்கும் சட்டியைத் தூக்கி எறிந்தாள். தங்கையின் முழங்கை வெந்துபோயிற்று. சிலர் பேய் என்றார்கள், பலர் கொழுப்பு என்றார்கள். கட்டியவன் ஆறே மாதத்தில் கொண்டுவந்து விட்டுப் போனான்.

தொண்ணூற்றாறு கோடையில் களத்திலேயே வலிப்பு வந்து விழுந்தாள். சுடலைவடிவுதான் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தாள். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கட்டு பிறவியிலேயே அவளுக்கு உருவாகவில்லை என்றார் டாக்டர் வித்யாலக்ஷ்மி.

"இது இருக்கிற எல்லாரும் கோபக்காரங்க இல்லம்மா. சிலருக்கு வர்ற வேகத்தை அடக்குறது கஷ்டம். உங்களுக்கும் அப்படி இருக்கலாம்."

வெளியே வந்ததும் ஆறுமுகத்தாய் தங்கையின் தழும்பைத் தொட்டாள். "அன்னைக்கு என் கை எப்படிப் போச்சுன்னே தெரியல, வடிவு. ஆனா வெந்தது ஒனக்குல்லா. மன்னிச்சிரு."

"போவட்டும்க்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வா."

மாத்திரையில் வலிப்பு நின்றது. கோபம் முட்டினால் வாசலுக்கு வெளியே போய் நிற்கப் பழகினாள்.

மறு வருஷம் பங்குனி. பிசானப் பருவத்து அறுவடை நெல் வந்து குவிந்திருந்தது. உச்சிவெயிலில் ஏழு மாதக் கர்ப்பிணி முத்துராணி, தலை சுற்றுகிறது, கொஞ்சம் உட்காருகிறேன் என்று கேட்டாள். மேஸ்திரி செந்தூர்பாண்டி விடவில்லை. ஆறுமுகத்தாய் வெளியே போய் நின்றாள். மனம் அடங்கியதும் திரும்பி வந்து இரண்டு தடவை தன்மையாகவே கேட்டுப் பார்த்தாள்.

"ஒன் சோலியப் பாருட்டி, வெறிச்சி."

நெல் தள்ளும் பலகையை அவன் காலடியில் எறிந்தாள். முத்துராணியை நிழலுக்குக் கூட்டிப் போனாள்.

முதலாளி நமச்சிவாயம் இரக்கப்பட்டுத்தான் பேசினார். "மூளைக் கோளாறுலதான் செஞ்சேன்னு சொல்லிரு. விட்டுருதேன்."

"சட்டிய எறிஞ்சேம்லா, அதுக்குச் சொல்லுங்க, ஒத்துக்கிடுதேன். பலகைய யோசிச்சுத்தான் எறிஞ்சேன், அண்ணாச்சி. அந்தப் புள்ள அங்கன விழுந்து செத்திருந்தா யாருக்கு மூளைக் கோளாறுன்னு சொல்லுவிய?"

வேலை போயிற்று. முத்துராணியோடு இன்னும் நாலு பெண்களும் பின்னாலேயே வெளியேறினார்கள். தள்ள ஆளில்லாமல் அவித்த நெல் புளித்து நாறியது. ஒன்பதாம் நாள் ஆறுமுகத்தாயையும் சேர்த்து எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு முதலாளி ஆளனுப்பினார். உச்சிவேளையில் ஒரு மணி நேரம் யாரும் களத்தில் இறங்க வேண்டாம் என்று அவர் எல்லார் முன்னாலும் சொன்ன பிறகுதான் அவர்கள் உள்ளே போனார்கள். செந்தூர்பாண்டி அதன்பிறகு அவளோடு பேசவில்லை. அவளும் அதற்காக வருத்தப்படவில்லை.