இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச்

டெல்மர் வாக்னிட்ஸின் கொட்டகைக்குள் நுழைகிறவர்கள் முதல் காரியமாக இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்வார்கள். பெயின்ட் காயாத எதையாவது தொட்டுத் தொலைத்தால் அந்த மனிதரின் முகத்தை யார் பார்ப்பது? திட்டமாட்டார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். தொட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். திட்டு வாங்குவதே மேல் என்று ஆகிவிடும்.

உள்ளே வரிசையாகச் சின்ன டிராக்டர்கள் நிற்கும். வயலுக்கானவை அல்ல. வீட்டுப் புல்லை வெட்டவும், காய்கறிப் பாத்தி உழவும், குளிர்காலத்தில் வாசல் பனியைத் தள்ளவும் அறுபதுகளில் செய்து விற்றவை. மற்றவர்கள் ஆப்பிள் மரத்தடியில் துருப்பிடிக்கப் போட்டுவிட்டு மறந்துபோன வண்டியை டெல்மர் கெஞ்சிக் கேட்டு வாங்கி வருவார். கடைசி போல்ட் வரை கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேய்த்து, மறுபடி பூட்டுவார். ஒரு வண்டிக்கு ஒரு குளிர்காலம் போய்விடும். விஸ்கான்சினில் குளிர்காலத்துக்குப் பஞ்சமில்லை.

பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு ஊர் பவுண்டரியில் சேர்ந்தவர். அது மூடுகிறவரை உருக்கிய இரும்பை வார்த்தவர். கல்யாணம் ஆகவில்லை, அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். திருகாணியின் தலை முதல் ஸ்டிக்கரின் சாய்வு வரை. இடையில் யாரோ ஒரு சொந்தக்காரர் வசதிக்காக விளக்கு மாட்டியிருந்தால் விளக்கு போகும். கோப்பை வைக்க வளையம் பற்றவைத்திருந்தால் வளையம் போகும்.

ஊரில் அவருக்கு உறவு என்று இருந்தது அக்காள் லவோனும் அவர் கணவர் எல்ராய் ஷாவரும்தான். எல்ராய் முதலில் நண்பர். பவுண்டரியில் இருவரும் ஒரே உலையடியில் நின்றவர்கள். பிறகுதான் அக்காள் கணவர் ஆனார். கவுண்டி ரோட்டோரம் அவர்கள் வீடு. ஒரே மகள் கல்யாணமாகி டுலூத் நகரத்துக்குப் போய்விட்டாள். ஞாயிறு மத்தியானம் அங்கேதான் டெல்மருக்குச் சாப்பாடு: பன்றி வறுவல், புளித்த முட்டைக்கோஸ், அதன் பிறகு சீட்டு. எல்ராய்க்கு வாய் ஓயாது. டெல்மர் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

அந்தப் பச்சை டிராக்டரைக் கண்டுபிடித்தவரும் எல்ராய்தான். ஒரு பண்ணை ஏலத்தில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், தொட்டால் அரிக்கும் நெட்டில் செடிக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. ரிட்டையரான பிறகு தன் நிலத்துப் புல்லை அதில் உட்கார்ந்துதான் வெட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். டெல்மர் அதைத் தன் கொட்டகைக்கு இழுத்து வந்தார்.

சீட்டைக் கழற்றியபோது அடியில் ஒரு சுவிட்ச் இருந்தது. நீல டேப் சுற்றிய ஒயர் அதிலிருந்து எஞ்சின் பக்கம் போனது.

"யார்றா இந்த வேலையப் பாத்தது? டேப்பச் சுத்தியிருக்கற லட்சணத்தப் பாரு" என்றார் டெல்மர்.

எல்ராய் பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தார். "எதுக்கு அது?"

"ஆளு சீட்ட விட்டு எந்திரிச்சா எஞ்சின் நின்னுரும்."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா இந்த மாடல்ல கிடையாது. கண்காட்சியில ஜட்ஜு குனிஞ்சு பாத்தார்னா மார்க்கு போச்சு."

"எனக்கென்னடா, புல்ல வெட்டுனா சரி. பொண்ணுக்கு அலங்காரம் பண்றவன் நீ. நான் கட்டிக்கிட்டுப் போறவன்."

இருவரும் சிரித்தார்கள். டெல்மர் ஒயரை வெட்டி, முனையை ஒழுங்காக மூடி, சுவிட்சைக் காபி டின் ஒன்றுக்குள் போட்டார். அந்த ஆகஸ்ட் பழைய டிராக்டர் கண்காட்சியில் பச்சை டிராக்டருக்கு முதல் பரிசு. ஜட்ஜ் ஹார்லன் டெஸ்கே தரையில் படுத்து அடிப்பாகம் முழுக்கப் பார்த்துவிட்டு எழுந்து, "இதுல நான் குறை சொன்னா எனக்குப் பாவம் வரும்" என்றார். லவோன் கைதட்டினார். நீல ரிப்பனைப் பிடித்துக்கொண்டு மூவரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே டெல்மர் வண்டியை எல்ராய் வீட்டில் இறக்கிவிட்டார்.

அதற்கடுத்த ஜூனில், மழை விட்ட ஒரு காலையில், எல்ராய் ரோட்டோரப் பள்ளத்துச் சரிவை வெட்டப் போனார். கவுண்டி நிர்வாகத்து ஆட்கள் ரோட்டின் விளிம்பை மட்டும் வெட்டிவிட்டுப் போவார்கள். மீதிக் களை அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

லவோன் சர்ச்சில் இருந்தார். யாருடைய துக்கத்துக்கோ வருகிறவர்களுக்கு ஹாம் சாண்ட்விச் செய்யும் முறை அன்று அவருடையது. திரும்பி வந்தபோது டிராக்டர் சத்தம் கேட்டது. மனுஷன் வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, மிச்சமான உருளைக்கிழங்கு சாலடை ஃபிரிட்ஜில் வைத்தார். செருப்பு மாற்றினார். பாத்திரம் ஒன்றைக் கழுவினார். அப்புறம்தான் உறைத்தது, சத்தம் நகரவே இல்லை. ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

எல்ராய் ஈரப் புல்லில் சறுக்கிச் சீட்டிலிருந்து விழுந்திருந்தார். ஆள் இல்லாத வண்டி சரிவில் அவர் மேலேயே இறங்கி, ரோட்டுக்கு அடியில் போகும் சிமென்ட் குழாயில் முட்டி நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அடியில் பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது. எப்படி நிறுத்துவதென்று லவோனுக்குத் தெரியாது. பிளக் ஒயரைக் கையால் பிடித்து இழுத்தார். ஷாக் அடித்தது. மறுபடி இழுத்தார். நின்றது. எல்ராய் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

விசாரிக்க வந்த போலீஸ் டெபுடி சின்ன வயதுக்காரர். பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு டெல்மரிடம் வந்தார்.

"நீங்கதான் ரிப்பேர் பண்ணிக் குடுத்தீங்களாமே, சார்?"

"ஆமா."

"ஆள் இறங்கினா எஞ்சின் நிக்கற சுவிட்ச் எதுவும் இதுல இல்லையா? நின்னிருந்தா கால்ல காயத்தோட போயிருக்கும்."

"இந்த மாடல்ல அது வர்றதில்ல" என்றார் டெல்மர்.

டெபுடி தலையாட்டிவிட்டுப் போனார். சொன்னதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அதுதான் டெல்மரை அரித்தது.

அடக்கம் முடிந்தது. வண்டியை அவரே டிரெய்லரில் ஏற்றித் தன் கொட்டகைக்குக் கொண்டுவந்து, தார்ப்பாய் போட்டு மூடினார். பிறகு அலமாரியில் காபி டின்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். நீல டேப் ஒட்டிய சுவிட்ச் கிடைத்தது. பேட்டரியோடும் ஒரு சின்ன விளக்கோடும் மாட்டிப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினால் விளக்கு எரிந்தது, எடுத்தால் அணைந்தது. பழுதே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுத்தி எடுத்துக்கொண்டே இருந்தார்.

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லவோன் வீட்டுக்குப் போனார். லவோன் சமையல் மேஜையில் எல்ராயின் தொப்பிகளைப் பரப்பி வைத்து, யாருக்குக் கொடுப்பது என்று பிரித்துக்கொண்டிருந்தார். டெல்மர் சுவிட்சை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது அந்த வண்டியில இருந்துச்சு, லவோன். நான்தான் பிடுங்கினேன்."

லவோன் நிமிரவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"பரிசு வாங்கிட்டு வர்றப்ப கார்ல சொன்னாரு. 'உன் தம்பி ஒரு ஒயரைப் பிடுங்கினான், ரிப்பன் கிடைச்சிருச்சு'ன்னு. சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்."

"நீ ஏன் எங்கிட்ட ஒண்ணும்..."

"என்னத்தச் சொல்ல? 'நீ கொன்னுட்டே'ன்னா? சொன்னா உனக்கு லேசா இருக்கும். அதுக்குத்தானே வந்திருக்கே?"

டெல்மர் நின்றார். உட்காரச் சொல்வார் என்று நாற்காலியைப் பார்த்தார். அதன்மேலும் தொப்பிகள் இருந்தன.

"பள்ளத்துல புல்லு வளந்து கிடக்கு" என்றார் லவோன். "ஜன்னல்ல பாத்தா அதான் தெரியுது. வாராவாரம் வந்து வெட்டு. மிஷினு இங்க வரக்கூடாது."

"கையாலயா?"

"கையால."

அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமை தவறாமல் டெல்மர் நீளப்பிடி அரிவாளோடு போனார். மூட்டுத் தேய்ந்த கால். சரிவில் ஒரு காலை மடக்கி ஊன்றி, கீழிருந்து மேலாக வீச வேண்டும். குழாய்க்குப் பக்கத்தில் வரும்போது அரிவாளை வைத்துவிட்டுப் புல்லைக் கையால் பிடுங்குவார். ரோட்டில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை பாஸ்டர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"டெல்மர், சர்ச்ல புது மிஷின் சும்மாதான் நிக்குது. கொண்டு வரட்டுமா?"

"வேண்டாம், பாஸ்டர்."

"யாருக்காக இந்த வேகாத வெயில்ல..."

"புல்லுக்குத்தான்" என்றார் டெல்மர். பாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஜன்னலில் லவோன் நிற்பது தெரியும். வெளியே வந்ததில்லை. தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. வேலை முடிந்ததும் டெல்மர் அந்த ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டி ஏறுவார்.

மற்ற நாட்களில் அவர் வேறொரு வேலை செய்தார். இத்தனை வருடங்களில் தன் கையிலிருந்து போன டிராக்டர்களைத் தேடிப் போனார். யார் யாருக்குக் கொடுத்தோம் என்று எல்லாம் நினைவிருந்தது. கதவைத் தட்டி, "ஒரு சுவிட்ச் மாட்டணும். ஒண்ணும் தர வேண்டாம்" என்பார். சிலர் விஷயம் தெரிந்து கொட்டகையைத் திறந்துவிட்டார்கள். ஒரு பெண்மணி, "என் வீட்டுக்காரர் இப்பவே ஆடிக்கிட்டுத்தான் நடக்கறாரு, நல்ல வேளை வந்தீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்காட்சி ஜட்ஜ் ஹார்லன் டெஸ்கேயிடமும் டெல்மர் புதுப்பித்த வண்டி ஒன்று இருந்தது. பல பரிசு வாங்கியது. ஹார்லன் கொட்டகை வாசலிலேயே மறித்து நின்றார்.

"இது ஓட்டற வண்டி இல்லடா, காட்சிக்கு வெக்கற வண்டி."

"போன வாரம் உன் பேரன் ஓட்டினத நான் பாத்தேன், ஹார்லன்."

"பாத்தா என்ன? நீதானே சொல்லுவே, பூட்டுன ஸ்க்ரூகூடப் பழசா இருக்கணும்னு. நாங்க எல்லாரும் உங்கிட்ட கத்துக்கிட்டோம். இப்ப வந்து ஓட்டை போடறேங்கறே."

"நான் சொன்னது தப்பு."

"தப்புன்னா உன்னோட வெச்சுக்க. உன் பாவத்தக் கழுவ என் வண்டிதானா கிடைச்சுது? போடா."

டெல்மர் ஒயரையும் சுவிட்சையும் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். மறுவாரம் அந்த வழியாகப் போனபோது அது அங்கேயே மழையில் நனைந்து கிடந்தது. அவர் பழைய டிராக்டர்காரர்கள் கூடும் கிளப்புக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஊரார் சேர்ந்து சாப்பிடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு அவர் போனால் ஹார்லன் கூட்டம் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். அதனால் அதையும் விட்டார்.

செப்டம்பரில் ஒரு பகல், பச்சை டிராக்டர் மேலிருந்த தார்ப்பாயை விலக்கினார். இன்னமும் பெயின்ட் பளபளத்தது. வெளியே தள்ளிக்கொண்டு வந்து, எஞ்சின் மூடியைக் கழற்றினார். சம்மட்டியை எடுத்தார். வார்ப்பிரும்பு எங்கே அடித்தால் விண்டுபோகும் என்பது அவருக்குத் தெரியும். பாதி ஆயுள் அதை வார்த்தவர். ஆனாலும் முதல் அடி வழுக்கிப்போய்த் தகரத்தை நெளித்தது. கண்ணீர் கண்ணை மறைத்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஓங்கினார். சிலிண்டர் பிளந்தது. எண்ணெய் சரளைக்கல்லில் வழிந்து பரவியது. அப்புறமும் அடித்தார், கை தூக்க முடியாமல் போகிறவரை.

பழைய இரும்புக்கடைக்காரர் அதைக் கண்டதும் வாயில் கைவைத்தார். "ஐயோ, டெல்மர், இந்த மாதிரி வண்டிக்கு ஆளுங்க நாயா அலையறாங்க! யாரு இப்படிப் பண்ணினது?"

"நான்தான். உருக்கத்தான் அனுப்பணும். பாகம் பாகமா விக்கக் கூடாது."

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். எடை போட ஆளைக் கூப்பிட்டார்.

அக்டோபர் கடைசியில், உறைபனி விழுந்து புல் வளர்வது நின்ற பிறகும் டெல்மர் ஒரு சனிக்கிழமை போனார். வெட்ட ஒன்றுமில்லை. சரிவில் உதிர்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார். முதல்முறையாகக் கதவு திறந்தது. எல்ராயின் கோட்டைப் போர்த்துக்கொண்டு லவோன் மேட்டில் வந்து நின்றார்.

"அடுத்த வருஷம் வர வேண்டாம்."

டெல்மர் நிமிர்ந்தார்.

"வீட்ட வித்தாச்சு. டுலூத்துக்குப் போறேன், மக கிட்ட. மாடி வீடு. புல்லு கிடையாது."

"சாமான் ஏத்த நான் வரட்டுமா?"

"மருமகன் ஆள் கூட்டிட்டு வர்றான்."

காற்று ஏரிப் பக்கமிருந்து அடித்தது. டெல்மர் வாருகோலை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"நான் அங்க வந்து உன்னப் பாக்கலாமா, லவோன்?"

லவோன் பள்ளத்தையும், குழாயையும், தம்பியின் மடங்கிய முழங்காலையும் பார்த்தார்.

"நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சு என்னடா பண்ண? உன் மூஞ்சியப் பாத்தா அந்தச் சத்தம் கேக்குது. நான் சாலட எடுத்து ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டிருந்தேன், டெல்மர். செருப்பு மாத்தினேன்."

அதைச் சொன்னபோதுதான் குரல் உடைந்தது. டெல்மர் மேட்டில் ஏற ஓர் அடி எடுத்துவைத்தார். லவோன் கையைத் தூக்கித் தடுத்தார்.

"கூப்பிட்டா வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. டெல்மர் இப்போதும் கொட்டகையில்தான் இருக்கிறார். கண்காட்சிக்கு எதையும் கொண்டுபோவதில்லை. சுற்றுவட்டாரத்தில் வயதானவர்கள் தங்கள் புல்வெட்டும் வண்டிகளைக் கொண்டுவருவார்கள். பழசோ புதுசோ, முதலில் சீட்டைத்தான் கழற்றிப் பார்க்கிறார். டெலிபோனைச் சட்டைப்பைக்குள், நெஞ்சோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொள்கிறார். எஞ்சின் ஓடும்போது மணி காதில் விழாது, அதிர்ந்தால் தெரியும். சில சமயம் எஞ்சினின் நடுக்கமே நெஞ்சில் ஏறி, அழைப்பு என்று நினைத்து அவசரமாக எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறார்.